பின்னணியில் ஒருவர்

நாற்பத்தேழாவது விநாடியில் கொலை விழுந்தது. லோர்னா பிக்கர்ஸ்டாஃப் அதை இருபத்து மூன்றாவது தடவையாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொலையாகிற பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. மோர்கம் கடற்கரைச் சாலை, சாம்பல் பூசிய வானம், துரத்தி வரும் காலடிச் சத்தம், பெத்தன் என்கிற பதினேழு வயது மாணவி தடாலென்று விழுவது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால், கடலைப் பார்த்த பச்சை பெஞ்சில், வயதான ஒருவர் காகிதப் பொட்டலத்திலிருந்து சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பெண் விழுகிறாள், அவர் ஒரு சிப்ஸை எடுக்கிறார். பெண் துடிக்கிறாள், வினிகர் போதவில்லையோ என்பதுபோல் அவர் பொட்டலத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். பெண்ணின் உயிர் பிரிகிறது. அவர் இடது மணிக்கட்டை இரண்டு உதறு உதறி உப்பைத் தட்டிவிடுகிறார்.

அந்த இரண்டு உதறல்தான். இருபத்து மூன்று தடவையும் லோர்னாவின் விரல் அங்கேதான் படத்தை நிறுத்தியது.

"இன்னுமா இதையே பாத்துட்டிருக்கீங்க?" என்று துறைத் தலைவர் பார்ஜட்டர் தேநீர்க் கோப்பையோடு தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அந்தக் கல்லூரியில் ஊடகப் பாடம் எடுத்த பிள்ளைகள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் மட்டும். மீதிப் படம் யாருக்கும் தேவையில்லை. தேர்வு வாரியத்துக்கும் தேவையில்லை. மார்ச்சில் முதல் வடிவத்தைப் பார்த்து லோர்னா கருத்துச் சொல்வாள். பிள்ளைகள் திருத்தி, தாங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு கட்டுரையும் எழுதி, மே மாதத்தில் கொடுப்பார்கள். லோர்னா மதிப்பெண் போட, பார்ஜட்டர் சரிபார்க்க, வெளியூரில் முகம் தெரியாத ஒரு தேர்வாளரின் மேஜைக்கு அது போய்ச் சேரும்.

பார்ஜட்டர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஒரு பொண்ணு சாகுது, பின்னாடி ஒருத்தர் மதியச் சாப்பாடு சாப்பிடறார். இது திகில் படமா, கடற்கரை ஓட்டல் விளம்பரமா? அந்த ஆளை வெட்டச் சொல்லுங்க லோர்னா. வெட்டினா அறுபதுக்கு ஐம்பது. வெட்டலேன்னா முப்பது."

"சொல்லிடறேன்," என்றாள் லோர்னா.

சொல்லவில்லை.

*

நாற்பது வருடத்துக்கு முன்னால், மோர்கமில் அந்தக் கடற்கரைச் சாலையிலேயே ஒரு தியேட்டர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அங்கே புரொஜக்டர் அறையில் உதவியாளனாக இருந்தவன் நெவில் கிராப்ட்ரீ. முதல் ரீலை ஓட்டுவதுதான் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. அதற்குப் பிறகு பெரிய ஆப்பரேட்டர் வந்து அவனை விரட்டிவிடுவார். அந்த இருபது நிமிடமும் லோர்னா அவன் பக்கத்தில் நின்று, கை அகலச் சதுர ஓட்டை வழியாகப் படம் பார்ப்பாள். இயந்திரத்தின் சூட்டில் கன்னம் எரியும். அவன் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுவான். உப்பு அதிகம் என்று அவள் சொல்வாள். அவன் மணிக்கட்டை இரண்டு உதறு உதறுவான்.

முதல் ரீல் முடிந்ததும் அவள் ஓட வேண்டும். அவள் வீடு சண்டர்லேண்ட் பாயின்ட்டில். கடல் ஏறினால் அங்கே போகிற ஒரே சாலையும் தண்ணீருக்குள் போய்விடும். கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் மாறும். லோர்னாவின் அப்பாவுக்கு மட்டும் அது தினமும் ஏழரைக்கே ஏறியது.

ஆக, இரண்டு வருடத்தில் அவள் எழுபது படங்களின் தொடக்கத்தைப் பார்த்தாள், ஒன்றின் முடிவைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நெவில் மீதிக் கதையைச் சொல்வான். அவன் சொன்ன எந்தக் கதையிலும் யாரும் சாகவில்லை. எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், அல்லது கனடா போனார்கள், பெரும்பாலும் கல்யாணம் செய்துகொண்டு கனடா போனார்கள்.

பிறகு லோர்னா ஆசிரியர் பயிற்சிக்காக லீட்ஸ் போனாள். விடுதித் தொலைக்காட்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எழுபதில் ஒன்றைப் போட்டார்கள். நெவில் கணக்கில் கனடாவில் நாய் வளர்த்துக்கொண்டிருக்க வேண்டிய கதாநாயகன், அவள் கண் முன்னால் மலை உச்சியிலிருந்து உருண்டு செத்தான். அன்றே உட்கார்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். 'நீ இன்னும் எதிலெல்லாம் என்னிடம் பொய் சொன்னாய்?' என்பது அதில் மிகவும் சாதுவான வரி.

பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் அவன் கப்பல் வேலைக்குத் தெற்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். லோர்னா ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊரையே வாயைத் திறக்க வைத்த அந்த மனிதர் வீட்டில் தன் வாயைத் திறந்ததே இல்லை. பதினோரு வருடத்தில் அதுவும் முடிந்தது. தன் பழைய பெயரோடு திரும்பி வந்து, லங்காஸ்டரில் வீடு எடுத்து, பிள்ளைகளுக்குப் படங்களின் முதல் இரண்டு நிமிடத்தைக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். கடற்கரைப் பக்கம் மட்டும் போவதில்லை.

*

"அப்ப அந்த ஆளை எடுத்துடணுமா மிஸ்?"

இயக்குநர் டாம்சின் எக்கல்ஸ் குறிப்பேட்டைத் திறந்து, தேதி போட்டு, அடிக்கோடிட்டுக் காத்திருந்தாள். திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிற பெண். இந்தப் பாடத்தில் 'ஏ' வாங்காமல் தூங்கப் போவதில்லை என்று சபதம் எடுத்தவள்.

"எடுக்கறதா? அவசரப்படாதே," என்றாள் லோர்னா. "பின்னணியில இருக்கறவர்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாரேன்."

"கொலையை விட்டுட்டா?"

"கொலை எங்க போயிடப் போகுது? அங்கேயேதான் கிடக்கும்."

"அவர் மறுபடி அங்க இருப்பாரான்னு தெரியலியே மிஸ்."

"போய்ப் பாரு. இல்லேன்னா விட்டுடு," என்றாள், விட்டுவிட்டால் என்ன ஆவோம் என்ற பயத்தோடு.

அடுத்த சனிக்கிழமை அவர் இருந்தார். டாம்சின் கிட்டப் போய் எடுத்து வந்தாள். லோர்னா கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். பெரிதாக, தெளிவாக, திரை முழுவதும், ஒரு கம்பளித் தொப்பியின் பின்பக்கம்.

"கேமராவைக் கிட்டக் கொண்டுபோனதும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார் மிஸ். குளிருதாம். அப்புறம் திரும்பவே இல்ல."

"சரி, அவருக்கு ஒரு வேலை கொடு. சும்மா உட்காரச் சொன்னா யாரும் திரும்பத்தான் செய்வாங்க. ஒரு வசனம் கொடேன்."

டாம்சின் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "வசனம் பேசினா அவர் ஒரு கதாபாத்திரம் ஆயிடுவாரே. அவர் யாரு?"

லோர்னா ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "கொலைகாரன்னு வச்சுக்கோ."

"மிஸ், அவருக்கு எழுபது வயசு இருக்கும்!"

"அவ்வளவெல்லாம் இருக்காது," என்றாள் லோர்னா சுருக்கென்று. "அறுபது. அறுபத்தொண்ணு."

மூன்றாவது வடிவம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வாரியத்தின் விதி. அதில் கொலைகாரர் பெஞ்சில் உட்கார்கிறார், எழுகிறார், மூக்குச் சிந்துகிறார், கடற்காகங்களுக்கு சிப்ஸ் போடுகிறார். பெத்தன் ஒன்பது விநாடிதான் வந்தாள். அதிலும் அவளைக் கொன்று முடித்ததும் கொலைகாரர் குனிந்து, கை கொடுத்து, "பாத்தும்மா, தரை ஈரம்," என்று தூக்கிவிட்டார்.

"அதை வெட்டலாம்னுதான் பாத்தேன் மிஸ்," என்றாள் டாம்சின், குரல் செத்துப்போய். "ஆனா அதுல மட்டும்தான் முகம் நேராத் தெரியுது."

முகம் தெரிந்தது. காதுமடல் அப்போதே பெரிது, இப்போது முடியில்லாத தலைக்கு இன்னும் பெரிதாக இருந்தது. பிறகு அவர் கேமராவைப் பார்த்து, டாம்சின் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னார்: "இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."

பயமுறுத்த வேண்டிய வசனம். பஸ் நிறுத்தத்தில் கனடாவைப் பற்றிச் சொன்ன அதே குரலில் வந்தது. லோர்னா கைக்குட்டையைத் தேடினாள்.

"அவ்வளவு மோசமா மிஸ்?" என்றாள் டாம்சின்.

*

மே மாதம் இரண்டாம் வாரம், பார்ஜட்டர் படத்தைப் பார்த்தார். பிறகு டாம்சினின் மதிப்பீட்டுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு லோர்னாவின் மேஜைக்கு வந்து, ஆசிரியர் அறையே கேட்கும்படி வாசித்தார்.

"'பார்வையாளர் கருத்திலிருந்து நீ கற்றது என்ன?' இதுக்கு அந்தப் பொண்ணு எழுதியிருக்கிற பதிலைக் கேளுங்க. 'எங்கள் படம் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதினருக்கானது என்று நினைத்தோம். அது தவறு. எங்கள் ஆசிரியை மூன்று முறை பார்த்துவிட்டு, மூன்று முறையும் அந்தப் பெரியவரை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். எனவே எங்கள் உண்மையான பார்வையாளர்கள் ஐம்பத்தைந்திலிருந்து அறுபது வயது வரையுள்ள பெண்கள் என்று கண்டுகொண்டோம்.'"

மூலையில் விளையாட்டு ஆசிரியர் பிஸ்கட்டோடு இருமினார்.

"இதை வெளித் தேர்வாளர் படிக்கப் போறார் லோர்னா."

"மாத்தி எழுதச் சொல்றேன்."

"எழுத்தை மாத்தலாம். படத்தை? இதுக்கு நான் இருபத்திரண்டுதான் தருவேன். அந்தக் கொலைகாரர் மேல எனக்கே பாசம் வந்துருச்சு!"

லோர்னாவுக்கு முகம் சுட்டது. மேஜையில் கிடந்த மதிப்பெண் பட்டியலில் டாம்சினின் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றில் நின்று எடுத்ததை, ஒரு மனிதரின் காதுமடலைப் பார்ப்பதற்காகத் தான் பாழாக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

"தப்பு முழுக்க என்னோடது," என்றாள். "முதல் வடிவத்துக்கே போயிடலாம். அந்த ஆள் வர்ற இடத்தை மட்டும் வெட்டிட்டா ஐம்பது வந்துரும்."

டாம்சினைக் கூப்பிட்டாள். டாம்சின் வந்து நின்று, குறிப்பேட்டை மூடி, அழுதுவிட்டாள்.

"முதல்ல எடுத்தது இல்ல மிஸ். மூக்குச் சிந்தறதையெல்லாம் சேர்க்கக் கல்லூரிக் கணினியில இடம் பத்தல, வேற பிரதியும் இல்ல. நீங்க அந்தத் தாத்தாவைத்தானே கேட்டீங்க? கொலையை அழிச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை மதிப்பெண்கள் கிளம்ப வேண்டும். அன்று செவ்வாய்.

"நாளைக்கு மத்தியானம் மறுபடி எடுப்போம்," என்றாள் லோர்னா. "ஒரே ஒரு ஷாட். கொலை மட்டும். பின்னாடி கடல், வேற யாரும் கூடாது."

"அவர் இருப்பாரே மிஸ். எப்பவும் எங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருப்பார். நான் எத்தனை தடவை கெஞ்சியும் அந்த பெஞ்சை விட்டு நகர மாட்டேங்கறார்."

லோர்னா எழுந்து கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், நாளைக்குத்தான் போக வேண்டும் என்பதை மறந்து.

"நான் வந்து சொல்றேன்," என்றாள்.

*

புதன்கிழமை கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. விரிகுடாவின் ஈரச் சேறு தகரம்போல் மின்ன, அதற்கு அப்பால் மலைகள் நீலமாக நின்றன. பதினெட்டு வயதில் அவள் ஓடிய அதே சாலை. அப்போது வீட்டுக்கு, இப்போது எதிர்த்திசையில். ஓடவில்லை, ஆனாலும் மூச்சு வாங்கியது.

பெத்தன் ஏற்கனவே தரையில் செத்துக் கிடந்தாள். டாம்சின் டிரைபாடை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பச்சை பெஞ்சில் அவர் இருந்தார். மடியில் பொட்டலம்.

லோர்னா காரிலேயே ஒத்திகை பார்த்து வந்திருந்ததைச் சொன்னாள். "மன்னிக்கணும். நான் இவங்க டீச்சர். நீங்க கொஞ்சம் எழுந்திருக்கணும்."

அவர் நிமிராமல், "எங்க போகணும்?" என்றார்.

"ஃபிரேமுக்கு வெளியே."

"ஏன், நல்லாத்தானே நடிச்சேன்?"

"கொலைகாரன் பிணத்துக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடக் கூடாது."

"பாவம், அந்தப் பொண்ணுக்கு முதுகுல ஈரம் ஏறிச்சு." அப்போதுதான் நிமிர்ந்தார். பொட்டலம் மடியில் சரிந்தது. "லோர்னா?"

"நெவிலா? அட, நீயா!" என்று லோர்னா நெஞ்சில் கை வைத்தாள். அந்த முகத்தை நூற்று நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள். அந்த நடிப்புக்கு அவளே மதிப்பெண் போட்டிருந்தால் அறுபதுக்குப் பதினெட்டு தேறியிருக்காது.

"என்ன ஆச்சரியம்!" என்றார் நெவில். "நீ எங்க இந்தப் பக்கம்?"

"இவங்க படத்துக்காக. நீ எங்க இந்தப் பக்கம்?"

"நான் ரிட்டயர் ஆகி வந்ததுலேர்ந்து தினமும் இங்கதான். ரெண்டு வருஷமாச்சு. இந்த பெஞ்சு இல்லேன்னா எனக்குப் பொழுதே போகாது."

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாது."

"எப்படித் தெரியும்?"

கடற்காகம் ஒன்று சரிந்த பொட்டலத்தை நோக்கி நடந்து வந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நாலு பக்கம் எழுதியிருந்தே," என்றார் நெவில்.

"நீ ஒரு வரி எழுதல."

"எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் நல்லா வந்தது. எப்படி முடிக்கறதுன்னு தெரியல. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அவன் நிஜமாவே மலையிலேர்ந்து விழுந்துட்டான் நெவில்."

"எனக்குத் தெரியாதா? வாரத்துக்குப் பன்னிரண்டு காட்சி விழுந்தான். அத்தனையும் நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன் கனடான்னு சொன்னே?"

"ராத்திரி முழுக்க அவனை நினைச்சுக்கிட்டே இருந்துட்டு, காலையில வந்து 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு'ன்னு நிப்பே. அந்த மூஞ்சியப் பாத்து, செத்துட்டான்னு எப்படிச் சொல்றது?"

லோர்னா கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். பொட்டலத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்தாள்.

"உப்பு அதிகம்," என்றாள்.

"மிஸ்!" டாம்சின் கத்தினாள். "மேகம் வருது! ரெண்டு பேரும் ஃபிரேமுக்கு வெளியே வாங்க, சீக்கிரம்!"

நெவில் எழுந்தார். முழங்கால் சடக்கென்றது. லோர்னா, யாரும் பார்க்காததுபோல், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்கள். டாம்சின் கையை உயர்த்தினாள். பெத்தன் ஓடிவந்தாள், திரும்பிப் பார்த்தாள், விழுந்தாள். பின்னால் காலியான பெஞ்சும், போய்விட்ட கடலும், சேற்றில் மேக நிழலும் மட்டும். காற்றுகூட ஒரு கணம் அடங்கியது. லோர்னாவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பார்ஜட்டர் ஐம்பதுக்கு மேலேயே தருவார்; தராவிட்டால் சண்டை போட வேண்டியதுதான்.

"கட்!" என்று அலறி டாம்சின் டிரைபாடைக் கட்டிக்கொண்டாள். "கிடைச்சிருச்சு மிஸ்! கிடைச்சிருச்சு!"

"எல்லாருக்கும் டீ நான் வாங்கிட்டு வரேன்," என்று நெவில் எதிர்ப்பக்கக் கடைக்கு நடந்தார். பாதி சாலையில் நின்று திரும்பி, "சர்க்கரை ரெண்டுதானே இன்னும்?" என்று கேட்டார். லோர்னா தலையை ஆட்டினாள். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது.

பிணம் எழுந்து உட்கார்ந்து முட்டியிலிருந்த மணலைத் தட்டியது. இத்தனை வாரமாக அந்த பெஞ்சுக்கு அருகிலேயே விழுந்து விழுந்து கிடந்ததில், பெத்தன் இதுவரை லோர்னாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. லோர்னா குனிந்து அவள் முதுகைத் துடைத்துவிட்டாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது.

"என்ன ஒரு தற்செயல் பாரு பெத்தன்," என்றாள், கடையைப் பார்த்தபடி. "அவர் பாட்டுக்கு தினமும் இங்க வந்து உட்கார்ந்திருக்கார். நீங்க பாட்டுக்கு இந்த இடத்துல வந்து கேமராவை வச்சிருக்கீங்க."

பெத்தன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"தினமுமா? அவர் வீடு அடுத்த ஊர்ல, கார்ன்ஃபோர்த்துல மிஸ், எப்ப எடுக்கறோம்னு எனக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வருவார். முதல் நாள் டாய்லெட் எங்கேன்னு எங்ககிட்ட வழி கேக்க வந்தவர், இந்தப் படத்தை மிஸ் பிக்கர்ஸ்டாஃப்தான் பாத்து மார்க் போடுவாங்கன்னு நான் சொன்னதும், ஓடிப்போய் சிப்ஸ் வாங்கிட்டு வந்து கேமராவுக்கு நேரா உட்கார்ந்துட்டார்!"